காணொளிக் கோப்பு: கொள்கலமும் குறிமுறையும்

இற்றைநாளில் ஒரு கல்லூரியின் பரிசளிப்பு விழாவோ நாடக அரங்கேற்றமோ காணொளியாகப் பதியப்படாமற் போவது அரிது. பதிந்த கோப்பு ஓராண்டு கழித்து வேறொரு கணினியில் திறக்க மறுப்பதும், திறந்தாலும் ஒலி மட்டும் கேட்கப் படம் கருந்திரையாய் நிற்பதும் அத்துணை அரிதன்று. அவ்வேளையிற் பலர் செய்வது, கோப்பின் பெயரிறுதியில் நிற்கும் 'ஏ.வி.ஐ.' என்பதை அழித்து 'எம்.பி.4' என்று எழுதிப் பார்ப்பதாகும். அரிசி மூட்டையின் மேற் சீனி என்று எழுதியதனால் உள்ளிருப்பது இனிக்காது. பெயரிறுதி உணர்த்துவது கொள்கலத்தின் வகையை மட்டுமே. அக்கொள்கலத்தினுள்ளே படமும் ஒலியும் எம்முறையால் எழுதப்பட்டுள்ளன என்பது வேறொரு வினா. இவ்விரண்டினையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கத்தினால் நல்ல பதிவுகள் பல பயன்படாதவையெனத் தள்ளப்படுகின்றன. சில அழிக்கப்பட்டும் விடுகின்றன.

எழுதும் முறைக்குக் 'கொடெக்' என்பது வழங்குபெயர். குறியாக்குவது, குறிநீக்குவது எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதற்கூறுகள் இணைந்து பிறந்த சொல் அது. தமிழிற் குறிமுறை எனலாம். இத்தகைய முறை ஏன் வேண்டப்பட்டது என்பதை ஒரு சிறு கணக்கு உணர்த்தும். 1920 படப்புள்ளி அகலமும் 1080 படப்புள்ளி உயரமும் உடைய ஒரு படத்தில் 2,073,600 புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவைக் குறிக்க மூன்று பைற்று வேண்டும். ஆகவே ஒரு படத்துக்கு 6,220,800 பைற்று. செக்கனுக்கு 25 படம் எனக் கொண்டால் 155,520,000 பைற்று. ஒரு மணி நேரத்துக்கு இது ஏறக்குறைய 560 கிகாபைற்றாகும், 4.7 கிகாபைற்றுக் கொள்ளும் டி.வி.டி. தட்டுகள் 120 வேண்டும். அதே காட்சி, செக்கனுக்கு 5 மெகாபிட் என்னும் அளவிற் சுருக்கப்படின், 2.25 கிகாபைற்றில் அடங்கிவிடுகிறது. 250 பங்கில் ஒரு பங்கே எஞ்ச, மற்றை 249 பங்கும் எங்கே சென்றன என்பதே ஆராயத்தக்கது.

சுருக்கம் இருவகைப்படும். ஒன்று, சுருக்கியதை விரித்தால் முன்னிருந்தவாறே ஒரு பிட்டும் பிசகாது மீள்வது. மற்றையது, சிலவற்றை மீளாவண்ணம் கைவிடுவது. முதல் வகையின் கணித அடிப்படையைக் குளோட் ஷனன் 1948இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். டேவிட் ஹஃப்மன் என்பவர் மாணவராயிருக்கையிற் கண்டு 1952இல் வெளியிட்ட முறை அதற்கு எளிய எடுத்துக்காட்டு. அ, இ, உ, எ என்னும் நான்கு எழுத்துக்கள் மட்டுமே வரும் ஒரு செய்தியைக் கருதுக. ஒவ்வொன்றையும் இரண்டு பிட்டால் எழுதினால் 1000 எழுத்துக்கு 2000 பிட் செலவாகும். ஆனால் அவற்றுள் 'அ' 500 முறையும், 'இ' 250 முறையும், 'உ', 'எ' என்பன 125 முறை வீதமும் வருமெனின், அவற்றை முறையே 0, 10, 110, 111 என்று எழுதலாம். அப்போது செலவு 1750 பிட்டே. ஒரு குறி மற்றொன்றின் தொடக்கமாக அமையாமையால் இடையே பிரிப்புக்குறியும் வேண்டியதில்லை. அடிக்கடி வருவதற்குச் சிறிய குறி, அருகி வருவதற்குப் பெரிய குறி என்பதே இதன் நுட்பம்.

ஆயினும் எக்கோப்பையும் சுருக்கவல்ல முறையொன்று இருத்தல் இயலாது. மூன்று பிட் நீளமுடைய கோப்புகள் 8 உள. அதனிற் குறைந்த நீளமுடையவை, வெறுங்கோப்பையும் சேர்த்து எண்ணினும், ஏழே. எட்டு ஏழினுள் இரட்டிக்காது அடங்குவதெங்ஙனம்? ஏற்கெனவே சுருக்கப்பட்ட காணொளியை 'சிப்' முறையால் மீண்டும் சுருக்க முயல்வோர் பெரும்பாலும் பயன் காணாமைக்குக் காரணமும் இதனோடு தொடர்புடையது. சுருக்கப்பட்ட கோப்பில் மீண்டும் சுருக்கத்தக்க ஒழுங்கு அநேகமாய் எஞ்சியிராது.

மீள்வகைச் சுருக்கம் காணொளியைப் பாதியாகவோ மூன்றிலொன்றாகவோ குறைக்கலாம். 250இல் ஒன்றாக்குதல் அதனால் ஆகாது. எனவே எதனைக் கைவிட்டால் கண் அறியாது என்னும் ஆராய்ச்சி தொடங்கிற்று. ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாய் உணரும் மனிதக் கண், நிறத்தின் ஏற்றத்தாழ்வை அத்துணை நுட்பமாய் உணர்வதில்லை. ஆகலின் ஒளியளவு புள்ளிதோறும் காக்கப்பட, நிறத்தைக் குறிக்கும் இரண்டு அளவுகளும் நான்கு புள்ளிகளுக்கு ஒருமுறை மட்டும் எழுதப்படும். நான்கு புள்ளிக்கு 12 எண் வேண்டியவிடத்து 6 போதும். காண்பவர் ஐயுறாமலே பாதிப் பாரம் குறைந்துவிட்டது.

அடுத்த படி கணிதத்தாலாயது. பெங்களூரிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய நசீர் அகமது, 'தனிநிலைக் கோசைன் மாற்றம்' என்னும் முறையை ஆராய 1972இல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனத்திடம் உதவி கேட்டார், உதவி கிட்டவில்லை. அவரும் அவருடைய ஆராய்ச்சி மாணவர் நடராஜனும் கே. ஆர். ராவும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. சில பக்கமே கொண்ட அக்கட்டுரையின் பயனை அனுபவியாத கைத்தொலைபேசி இன்று உலகில் இராதெனலாம்.

படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 64 எண்கள் இருக்கும். இம்மாற்றம் அவற்றை வேறு 64 எண்களாக்கும். முதலெண் கட்டம் முழுவதன் சராசரி ஒளியைக் குறிக்கும். ஏனையவை, மெல்ல மாறும் சாயல்களிலிருந்து விரைந்து மாறும் நுண்கோடுகள் வரை, வெவ்வேறு மீடிறனுடைய கோசைன் அலைகளின் அளவைக் குறிக்கும். இதுகாறும் எதுவும் இழக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 64 எண்ணுக்கு 64 எண்ணே உள. இழப்பு இனித்தான் நிகழும். ஒவ்வோர் எண்ணும் குறித்த ஒரு வகுத்தியால் வகுக்கப்பட்டு முழுவெண்ணாக்கப்படும். வகுத்தி 10 எனின், 37 என்பது 4 ஆகும். விரிக்கும்போது 40 ஆக மீளும். 3 என்பதோ 0 ஆகும். 0 ஆகவே மீளும். நுண்கோடுகளைக் குறிக்கும் எண்களுக்குப் பெரிய வகுத்திகள் அமைவதால் அவற்றுட் பெரும்பாலானவை பூச்சியமாகிவிடும். பூச்சியங்களின் நீண்ட வரிசையை ஹஃப்மன் போன்றோர் முறையால் மிகச் சில பிட்டுகளில் எழுதிவிடலாம். பிற்காலக் குறிமுறைகள் கட்டத்தின் பருமனையும் கணக்கின் விவரத்தையும் மாற்றினவெனினும் நெறி இதுவே. மிகையாகச் சுருக்கிய படத்திற் சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள் தோன்றுவது வகுத்தி வரம்பு கடந்ததற்கு அடையாளம்.

இதுவரை கூறியது நிலைப்படத்துக்கும் பொருந்தும். காணொளியின் பெருஞ்சுருக்கம் அசைவை நோக்கியதாற் கிடைத்தது. மேடையில் ஒருவர் பேசுகையிற் பின்னுள்ள திரை அசைவதில்லை. அதனைச் செக்கனுக்கு 25 முறை எழுதுவானேன்? முழுப்படம் ஒன்றை எழுதிவிட்டு, அடுத்துவரும் படங்களுக்கு 'இக்கட்டம் முன்னைப் படத்தின் இன்ன இடத்திலிருந்து இத்துணை விலகியது, வேறுபாடு இவ்வளவு' என்று மட்டும் குறித்தாற் போதும். சில படங்கள் தமக்குப் பின் வரும் படத்தையும் சார்ந்து எழுதப்படும். முழுப்படம் சில செக்கன்களுக்கு ஒருமுறையே வரும். ஒளிபரப்பு இடையறும்போது முகங்கள் உருகிப் பரந்தாற்போலத் தோன்றிச் சிறிது நேரத்திற் சட்டென்று தெளிவதைப் பலர் கண்டிருப்பர். சார்புப் படங்கள் பற்றுக்கோடிழந்து தடுமாறி, அடுத்த முழுப்படம் வந்ததும் நிலைபெறுதலே அது.

இந்நெறி 1988இல் எச்.261 என்னும் நியமத்திற் புகுந்து, 1995இன் எம்பெக்-2, 2003இன் எச்.264, 2013இன் எச்.265, 2020இன் எச்.266 என வளர்ந்தது. ஒவ்வொரு தலைமுறையும் முன்னையதன் தரத்தை ஏறக்குறையப் பாதியளவிலே தர முயன்றது. அதற்கீடாகக் கணிப்பு வேலை பெருகிற்று. எச்.265இன் காப்புரிமைக் கட்டணங்கள் சிக்கலாயிருந்தமையால், பெருநிறுவனங்கள் பல 2015இற் கூடிக் கட்டணமற்ற ஏ.வி.1 என்பதை 2018இல் வெளியிட்டன. இந்நியமங்கள் வரையறுப்பது குறிநீக்கும் முறையையே. குறியாக்குபவர் தம் திறமைக்கேற்பச் செய்யலாம். ஒரே குறிமுறையில், ஒரே பருமனில், இரண்டு கோப்புகள் தரத்தால் வேறுபடுவது இதனாலேயே.

இனிக் கொள்கலம். படவோட்டம் ஒன்று, ஒலியோட்டம் ஒன்றோ பலவோ, துணையெழுத்து ஆகியவற்றை ஒருங்கே தாங்கி, எந்தப் படம் எக்கணத்திற் காட்டப்படவேண்டும் என்னும் நேரக்குறிப்பையும், எது கோப்பில் எங்கேயுள்ளது என்னும் அட்டவணையையும் வைத்திருப்பது அது. பின்வரும் படத்தைச் சார்ந்தவை உள்ளமையால் எழுதிய வரிசையும் காட்டும் வரிசையும் வேறாகும். நேரக்குறிப்பு இன்றேற் குழப்பமே. மைக்குரோசொப்ட் 1992இல் வெளியிட்ட ஏ.வி.ஐ., அப்பிளின் குவிக்ரைம் அமைப்பிலிருந்து கிளைத்த எம்.பி.4, ஒன்றனுள் ஒன்றடங்கும் உருசிய மரப்பாவையின் பெயரால் 2002இல் தோன்றிய மற்றுரோஸ்கா என்னும் எம்.கே.வி. ஆகியன யாவும் கொள்கலங்களே. எம்.பி.4 ஒன்றனுள் எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம், ஏ.வி.1உம் இருக்கலாம். 2017இன் பின் வந்த கைத்தொலைபேசிகள் பல எச்.265இற் பதிகின்றன. அதனை அறியாத பழைய கணினி கொள்கலத்தைத் திறந்து, தான் அறிந்த ஒலியை ஒலித்து, அறியாத படத்தை விட்டுவிடுகிறது. கருந்திரையின் மறைபொருள் இதுவே; கோப்பு பழுதானதன்று.

கோப்பு மெய்யாகப் பழுதாவதும் உண்டு. எம்.பி.4இன் அட்டவணை பொதுவாகப் பதிவு முடிந்த பின்னரே எழுதப்படும். விழா நடுவில் மின்கலம் தீர்ந்து கமரா அணைந்துவிடின், இரண்டு மணி நேரப் படமும் கோப்பில் இருந்தும் அட்டவணையின்றிக் கோப்புத் திறவாது. அதே கமராவிற் பதிந்த பழுதற்ற கோப்பொன்றைத் துணையாகக் கொண்டு அதனை மீட்கும் மென்பொருள்கள் உள. ஆதலின் அழித்துவிட அவசரப்படலாகாது. ஒளிபரப்புக்கென வகுத்த கொள்கலம் இவ்விடர்ப்பாட்டுக்கு ஆளாவதில்லை. 188 பைற்றுக் கொண்ட சிறு பொதிகளாய் அமைந்தமையால் அதனை எவ்விடத்திலிருந்தும் வாசிக்கத் தொடங்கலாம்.

கொள்கலத்தை மாற்றுவதும் குறிமுறையை மாற்றுவதும் விளைவால் மிக வேறானவை. முன்னையது, படத்தைத் தொடாது ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ப்பது. சில நிமிடத்தில் முடியும், இழப்பில்லை. பின்னையது விரித்து மீளவும் சுருக்குவது. ஒவ்வொரு முறையும் வகுத்தியும் முழுவெண்ணாக்கலும் மீண்டும் நிகழ்வதால் புதிய இழப்பு நேரும். செய்தி பரிமாறும் செயலிகள் பலவும் அனுப்புந்தோறும் இதனைச் செய்வன. ஏடெழுதுவோர் ஓலை கிழியுமென்று மெய்யெழுத்தின் புள்ளியை இடாது விடுவதுண்டு. கற்றவர் இடம்நோக்கிச் சேர்த்து வாசித்தனர். ஆயின் படியின் படி, அதன் படி எனப் பெருகியபோது பாடபேதங்களும் பெருகின. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பிக்க ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்க நேர்ந்தது அதனாலேதான். காணொளிக்கோ ஒப்புநோக்க வேறு ஏடு கிட்டுவதில்லை.

பழைய வீ.எச்.எஸ். நாடாக்களை வைத்திருக்கும் பாடசாலைகள் அவற்றைக் கணினிக்கு மாற்றுகையில் இவ்வேறுபாடு பெரிதும் பயன்படும். சுவடிக்காப்பகங்கள் பல இப்பணிக்கு எஃப்.எஃப்.வி.1 என்னும் மீள்வகைக் குறிமுறையை எம்.கே.வி. கொள்கலத்தில் இட்டுப் பயன்படுத்துகின்றன; அதன் வரையறை 2021இல் இணையப் பொறியியல் ஆவணமாகவும் வெளியிடப்பட்டது. நாடாவின் ஒரு மணி நேரம் சுருக்காவிடின் ஏறக்குறைய 75 கிகாபைற்று. இம்முறையால் அது பாதியளவாகும், சிலபோது அதனினும் குறையும். கைத்தொலைபேசியிற் பதிந்தவை பிறப்பிலேயே சுருங்கியவை, அவற்றை எஃப்.எஃப்.வி.1 ஆக்கினாற் பருமன் பெருகுமேயன்றி இழந்தது மீளாது. அத்தகையவற்றுக்குக் கமரா தந்த கோப்பையே மாற்றாது இரண்டு வன்தட்டுகளில் எழுதி வெவ்வேறிடங்களில் வைத்து, அனுப்புதற்குரிய சிறுபடிகளை எப்போதும் அம்மூலத்திலிருந்தே எடுத்தல் வேண்டும். கொள்கலம் இன்னது, குறிமுறை இன்னது என்று தட்டின் மேலுறையில் ஒரு வரி எழுதிவைப்பின், இருபது ஆண்டு கழித்து அதனைத் திறக்க முயலும் மாணவன் பெயரிறுதியை மாற்றிப் பார்த்துப் பொழுதைக் கழிக்க வேண்டியிராது.