தாத்தா காலத்து இரட்டைக் குழல்

செய்யாற்றுப் பக்கத்திலிருந்து ஆரணிக்குப் பட்டு வாங்கப் போகிறவர்கள், முந்தானையின் பளபளப்பைக் கண்டு மயங்கிவிடுவதில்லை. சேலையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்க்கிறார்கள். சரிகை இழையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று கவனிக்கிறார்கள். பழைய சீமைத் துப்பாக்கியை மதிப்பிடுவதற்கும் இந்தப் புத்திதான் வேண்டியிருக்கிறது. நம்மவரோ அதில் செதுக்கியுள்ள புலியையும் காடையையும் பார்த்து ஆகாயத்துக்கு விலை ஏற்றுகிறார்கள். இல்லையேல், "பாட்டனார் வைத்துப்போன பழைய இரும்பு" என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இந்தத் துப்பாக்கிகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று விதித்தது. ஐரோப்பியருக்கு அந்தத் தளை இல்லை. ஆகவே ஒரு ஜமீன்தார் வீட்டுக் கூடத்தில் இரட்டைக் குழல் மாட்டியிருந்தால், அது வேட்டைக்கு மட்டுமன்றிக் கௌரவத்துக்கும் அடையாளமாயிற்று. கல்கத்தாவில் மாண்டன், ரோடா முதலிய கம்பெனிகள் இவற்றை விற்றன. ரோடா என்றதும் நேயர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரலாம். 1914 ஆகஸ்டு 26-ல் வங்க வாலிபர்கள் 50 மௌஸர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் கவர்ந்து சென்றது அந்தக் கம்பெனியின் சரக்கிலிருந்துதான்!

இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் பொறித்த பெயரை மட்டும் நம்பலாகாது. பல சமயம் அது விற்றவர் பெயரே. செய்தவர் பர்மிங்ஹாமில் யாரோ ஒரு தொழிலாளி. பெல்ஜியம் தேசத்துச் சரக்கு, புகழ்பெற்ற ஆங்கிலப் பெயர்களின் சாயலைச் சூடிக்கொண்டு வந்ததும் உண்டு. உண்மையைச் சொல்வது குழலின் அடிப்பக்கம். தோட்டா இல்லை என்று முதலில் நிச்சயப்படுத்திக்கொண்டு, முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்துப் புரட்டினால், சிறு முத்திரைகள் தெரியும். லண்டன் சோதனைச்சாலையின் முத்திரையில் கிரீடத்தின்கீழ் ஜி.பி. என்ற எழுத்துக்கள் பின்னியிருக்கும். 1904 முதல் பர்மிங்ஹாம் முத்திரையில் பி.பி. என்றிருக்கும். ஈ.எல்.ஜி. என்று முட்டை வடிவ வளையத்துக்குள் இருந்தால், பெல்ஜியத்து லீயேஜ் நகரச் சோதனையைக் கடந்தது. குழல், முன்கட்டை, பூட்டுப்பகுதி ஆகிய மூன்றிலும் ஒரே தொடர் நம்பர் இருக்கவேண்டும். மாறியிருந்தால், ஏதோ ஒன்று பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

அடுத்த சோதனை காதுக்கு. குழல்களை அடிக்கொக்கியில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டினால் கோயில் மணிபோல் இழைய வேண்டும். ஓட்டைப் பானைச் சத்தம் வந்தால் நடுப்பட்டையின் பற்று விட்டிருக்கிறது. பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே நோக்கவேண்டும். நிழல் வளையங்கள் உடைந்து கோணினால் நசுங்கல், கரும்புள்ளிகள் துருக்குழிகள். 12 போர்க் குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 729 பங்கு. துருவைக் கடைந்தெடுக்கக் கடைந்தெடுக்க, வெளியே அழகு குறையாமலே சுவர் மெலிந்துபோகும். அந்தச் சுவர் ஆயிரத்தில் 20 பங்குக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு சித்திரவேலை இருந்தாலும் விஷயமறிந்தவர் கையைத் திருப்பிக்கொள்வார்.

சில குழல்களில் நீரோட்டம்போல் கோலம் தெரியும். இரும்பு, எஃகுக் கம்பிகளை முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த இதற்கு 'டமாஸ்கஸ்' என்று பெயர். டமாஸ்கஸ் வாளுக்குப் பேர்போன எஃகு நம் தென்னாட்டு உருக்கு. குழல்காரர்கள் பெயரை மட்டும் இரவல் வாங்கினார்கள்! இவை பெரும்பாலும் கருமருந்துக் காலத்தவை. இக்காலத்துத் தோட்டாவைப் போட்டு 'பார்க்கலாம்' என்பது, கையையும் கண்ணையும் பந்தயம் வைப்பதாகும்.

தயவுசெய்து ஒரு காரியம் செய்யவேண்டாம். தீபாவளிக்குக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் செங்கற்பொடியும் போட்டு இதைத் துலக்கவேண்டாம். சேகரிப்பவர்கள் தேடுவது பழைய நிறத்தையும், கூர் மழுங்காத செதுக்கலையும், திருப்புளி கடித்துக் குதறாத திருகாணித் தலைகளையுமே. அரைமணி நேர உற்சாகம் பாதி விலையைத் தின்றுவிடும்.

விலை சட்டத்தையும் பொறுத்தது. 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டைப் பொழுதுபோக்கு முடிந்தது. லைசென்ஸ் உள்ளவரே வாங்கலாம். 2019-ல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் வைத்துக்கொள்ள முடியாது. நூறு வயது கடந்த கலைப்பொருளைத் தனிமனிதர் அயல்நாட்டுக்கு அனுப்பவும் தடை. ஆதலால் லண்டன் ஏல விலையைப் படித்துவிட்டுக் கனவு காண்பது வீண். வீட்டுப் பெரியவர் காலமானால், துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாமல், போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ முதலில் ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். வாரிசின் பெயருக்கு லைசென்ஸ் கேட்பது அதற்குப் பிறகு.

ஒப்படைக்குமுன் முத்திரைகளையும் தொடர் நம்பரையும் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற கம்பெனிகள் தங்கள் பழைய பேரேடுகளைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. நம்பரைக் குறித்து எழுதினால், அந்தத் துப்பாக்கி முதலில் யாருக்காக, எந்த வருஷத்தில் செய்யப்பட்டது என்பது தெரியவரலாம்.