முடிவைக் காட்டாத இறந்தகாலம்

ஸ்பானிஷில் 'ஆப்லே' என்றால் பேசினேன். பேச்சு முடிந்தது. 'ஆப்லாபா' என்றாலோ பேசிக்கொண்டிருந்தேன், அல்லது அந்த நாட்களில் அடிக்கடி பேசுவேன். இரண்டும் இறந்தகாலமே, ஆனால் இரண்டாவதில் பேச்சு எப்போது முடிந்தது என்பது கணக்கில் வராது. இதற்கு இம்பெர்ஃபெக்டோ என்று பெயர்.

வடிவம் சுலபம். 'ஆப்லார்' (பேசு) போல 'ஆர்' என முடியும் வினையில் அந்த ஈற்றை எடுத்துவிட்டு ஆபா, ஆபாஸ், ஆபா, ஆபாமோஸ், ஆபாய்ஸ், ஆபான் என்று சேர்க்க வேண்டும். 'நான்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே 'ஆப்லாபா'தான்; பேசியது யார் என்பதைச் சூழலை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். 'ஏர்', 'ஈர்' என முடிபவற்றுக்கு 'ஈயா' வரிசை: கொமேர் (சாப்பிடு), கொமீயா. விதிக்கு அடங்காதவை மூன்றே மூன்று: ஸேர் (இரு) ஏரா ஆகும், ஈர் (போ) ஈபா ஆகும், பேர் (பார்) பெயீயா ஆகும். மற்ற காலங்களில் படுத்தியெடுக்கும் வினைகள்கூட இங்கே சாதுவாகிவிடும். 'ஈபா' உண்மையில் அடங்காப்பிடாரியும் அல்ல. லத்தீனின் 'ஈபாம்' ஈற்று மகரத்தை மட்டும் இழந்து அப்படியே வந்திருக்கிறது.

சிக்கல் பயன்பாட்டில்தான். வெனிசுவேலாவில் பிறந்த அறிஞர் ஆந்த்ரேஸ் பெயோ, 1847இல் சிலியில் வெளியிட்ட இலக்கண நூலில் இதற்குக் 'கோப்ரெதேரிதோ' என்று பெயர் வைத்தார்: இன்னொரு இறந்தகாலச் செயலுக்கு உடனிகழ்வது. மெக்சிகோ பள்ளிகளில் இன்றும் இந்தப் பெயர்தான். இந்த உடனிகழ்வுக்கு ஓர் உதாரணம்: எழுத்தாளர் அகஸ்தோ மோந்தெரோசோ 1959இல் வெளியிட்ட தொகுப்பில் ஏழே சொற்களில் ஒரு டைனோசர் கதை இருக்கிறது. அதில் வினைகள் இரண்டு. கண் விழிப்பது முடிந்த இறந்தகாலம். டைனோசர் இருப்பது இம்பெர்ஃபெக்டோ. அது எப்போது வந்தது, பிறகு போனதா என்று கதை சொல்வதில்லை. வினையை மாற்றினால் கதையே போய்விடும்.

சில வினைகளில் பொருளே மாறும். 'கொனோஸீயா' என்றால் அவரை எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. 'கொனோஸீ' என்றால் அவரை அன்றுதான் முதலில் சந்தித்தேன். கடந்தகாலத்தில் மணியையும் வயதையும் சொல்லும்போது பெரும்பாலும் இம்பெர்ஃபெக்டோதான்.

இறந்தகாலமே அல்லாத இடங்களிலும் இது தலைகாட்டும். காபிக் கடையில் 'கெரீயா' என்று கேட்பவருக்குக் காபி இப்போதுதான் வேண்டும். வேண்டியிருந்தது என்பது மரியாதைக்கு. ஸ்பெயினில் குழந்தைகள் விளையாட்டுக்குப் பாத்திரம் பிரிக்கும்போதும் இதேதான்: நான் டாக்டராக இருந்தேனாம், நீ நோயாளியாக இருந்தாயாம்.