தூங்கும் குழந்தையும் குனிந்து பார்க்கும் பெண்ணும்



சென்ற மாதம் முசரவாக்கத்தில் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். தறி போட்டிருந்த கூடத்துச் சுவரில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. மடியில் குழந்தையுடன் ஒரு தாய். தறியின் மறுபக்கம் பாவாடை கட்டிய சிறுமி. தாய் யாரென்று வீட்டார் உடனே சொன்னார்கள். சிறுமியைக் கேட்டோம். "கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வந்த பிள்ளை, சாமி. பேரு ஞாபகம் இல்லீங்க" என்றார் பாட்டி.

அந்தப் பதில் ஜூலியா மார்கரெட் கேமரனை நமக்கு நினைவூட்டியது. 1815-இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்தபோது, 1863 டிசம்பரில், தம் 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த முதல் கேமராவைப் பெற்றார். நிலக்கரிக் கொட்டகை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு படமெடுக்கும் கூடமாயிற்று. புகைப்படம் கலையாகுமா என்று பலரும் ஐயுற்ற காலம் அது. அவரோ மாதா படங்களைத் திரும்பத் திரும்ப எடுத்தார். அவற்றில் பலமுறை மாதாவாக இருந்தவர், அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர்.

1865-இல் எடுத்த படம் ஒன்றைப் பாருங்கள். கேமரனின் இரண்டு வயதுப் பேரன் ஆர்ச்சி தூங்குகிறான். முக்காடிட்ட மேரி குனிந்து பார்க்கிறார். அதற்குப் 'பக்தி' என்று தலைப்பு. ஏறக்குறைய இதே காட்சியுள்ள மற்றொரு படத்திலோ, 'என் பேரன்' என்று சொல்லி வயதையும் குறித்திருக்கிறார்.

படத்தின் அமைதி முதலில் தொழிலால் வந்தது. ஈரம் காயாத கண்ணாடித் தட்டில் படம் பதிய, சில நிமிடங்கள்கூட அசையாதிருக்க வேண்டும். விழித்திருக்கும் இரண்டு வயதுப் பிள்ளை அதற்கு இசையுமா? (நம் திருமுழுக்குச் சடங்குகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) தூங்கியதால்தான் படம் கிடைத்தது.

அப்படியானால் இது மாதாவா, எசமானியின் பேரனைக் காக்கும் வேலைக்காரியா? ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதைப் பார்ப்பது சரியல்ல என்பது நம் எண்ணம். லூக்கா நற்செய்தியில் வானதூதரிடம் மரியா தம்மைச் சொல்லிக்கொண்டதும் அடிமை என்றுதானே! மேரி ஹில்லியரின் தலையில் ஒளிவட்டம் இல்லை. அந்தப் பார்வை மட்டுமே இருக்கிறது. தாயல்லாத ஒருத்தியின் பார்வை அது என்று அறிந்தபின் நமக்குப் படம் இன்னும் நெருக்கமாகிறது.

1875-இல் கேமரன் கணவருடன் இலங்கைக்கு வந்தார். அவர்களுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களோ பெரும்பாலும் நம் தமிழ் மக்கள். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் சிலவே எஞ்சியுள்ளன. 1878-இல் எடுத்த ஒன்றில் களுத்துறைக் குடியானவர்கள் நிற்கிறார்கள். சிறுமிக்கு வயது 12, முதியவர் தம்மை அவள் தந்தை என்றும் நூறு வயதானவர் என்றும் சொல்கிறார் என்று கேமரன் குறித்திருக்கிறார். வயது இருக்கிறது, பெயர் இல்லை. வைட் தீவில் பணிப்பெண்ணின் பெயர் நமக்குக் கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை. 1879 ஜனவரியில் கேமரன் மலைநாட்டில் இறந்தார். பொகவந்தலாவையில் புனித மரியா ஆங்கிலிக்கன் ஆலய வளாகத்தில் அவர் கல்லறை உள்ளது.

இதையெல்லாம் அந்தப் பாட்டியிடம் நாம் சொல்லவில்லை. ஆனால் போன ஞாயிறு திருப்பலி முடிந்து அவரே வந்தார். அந்தச் சிறுமியின் பெயரை வாலாஜாபாத்தில் இருக்கும் தங்கையிடம் கேட்டிருக்கிறாராம். தங்கைக்கு முகம் நினைவிருக்கிறது. பெயரை யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.