ஓவன் இல்லாமலே தில்பசந்த்: கடனுக்கு முன் கைப்பழக்கம்



பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஊர் திரும்பும்போது பிள்ளைகளுக்கு வாங்கி வரும் பண்டங்களில் தில்பசந்தும் ஒன்று. தேங்காய்ப்பூவும் டூட்டி ஃப்ரூட்டியும் உள்ளே வைத்த வட்டமான இனிப்பு பன் அது. அங்குள்ள ஐயங்கார் பேக்கரிகளில் பேர் போனது, முட்டை சேர்க்க மாட்டாங்க. "இதை நாமளே செஞ்சு வித்தா என்ன? ஓவனுக்கு லோன் கிடைக்குமா?" என்று மொரப்பூர் பகுதிக் குழுக்களில் கேட்கிறீர்கள். செய்யலாம். ஆனால் முதலில் கை பழகட்டும், ஓவன் பிறகு வரட்டும்.

தேவையானவை: மைதா கால் கிலோ, ஈஸ்ட் 1 டீஸ்பூன், பால் 150 மில்லி, சர்க்கரை 3 டேபிள் ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் அல்லது வெண்ணெய் 2 டேபிள் ஸ்பூன்.

உள்ளே வைக்க: தேங்காய்த் துருவல் 1 கப், சர்க்கரை கால் கப், டூட்டி ஃப்ரூட்டி கால் கப், ஏலக்காய்த் தூள் கொஞ்சம்.

டூட்டி ஃப்ரூட்டி என்பது வேறொன்றுமில்லை, பப்பாளிக்காய்தான். தோல் சீவி, பால் போகக் கழுவி, பொடியாக நறுக்கி வேக வையுங்கள். பிறகு சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டு, ஒரு இரவு ஊறவைத்து, வடித்து உலர்த்துங்கள். சிவப்பு நிறத்துக்குப் பாகில் பீட்ரூட் சாறு போதும்.

செய்முறை: ஈஸ்ட் ஓர் உயிர். இட்லி மாவு பொங்குவது போல, இதுவும் காற்றை உண்டாக்கி மாவை உப்ப வைக்கும். சமையல் சோடா இதற்கு ஈடாகாது. விரல் பொறுக்கும் வெதுவெதுப்பான பாலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து 10 நிமிடம் வையுங்கள். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஈஸ்ட் செத்துப்போகும். நுரை கட்டவில்லையா? அதில் மைதாவைக் கொட்டி வீணாக்காதீங்க, வேறு ஈஸ்ட் வாங்குங்கள்.

நுரைத்ததும் மைதா, உப்பு, எண்ணெய் சேர்த்து 10 நிமிடமாவது நன்றாக அடித்துப் பிசையுங்கள். ஈரத்துணி மூடி, மாவு இரண்டு மடங்காகும்வரை சுமார் 1 மணி நேரம் விடுங்கள். குளிர் நாளில் கூட நேரமாகும்.

பிறகு மாவை இரண்டாகப் பிரித்து வட்டமாகத் தட்டி, ஒன்றின் மேல் பூரணத்தைப் பரப்பி, மற்றதால் மூடி ஓரத்தை அழுத்துங்கள். மேலே முள்கரண்டியால் குத்தி, எண்ணெய் தடவிய தட்டில் இன்னும் 20 நிமிடம் வையுங்கள்.

அடி கனமான பழைய பாத்திரத்தில் அரை கிலோ கல் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்குங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. குக்கர் என்றால் கேஸ்கெட்டும் வெயிட்டும் போடவே கூடாது. தட்டை உள்ளே வைத்து, சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம். அடியில் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வந்தால் வெந்துவிட்டது. ஓவன் இருந்தால் 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம்.

விற்பனைக்கு: சூட்டோடு கவரில் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். முழுக்க ஆறட்டும். பச்சைத் தேங்காய் வைத்தது மறுநாளைத் தாண்டாது, அன்றன்றே விற்கிற அளவுக்கு மட்டும் செய்யுங்கள். பாக்கெட் போட்டு விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, தயாரித்த தேதி, எடை, சேர்மானம் எழுதி ஒட்ட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் மைதா, சர்க்கரை, கேஸ், கவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். உங்கள் கூலியையும் எழுதுங்கள். நம்மில் பலர் விட்டுவிடுவது அதைத்தான். கூலி போக மிச்சம் நிற்கிறதா, பத்து முறை செய்ததில் எத்தனை முறை எல்லாம் விற்றது என்று பார்த்த பிறகு ஓவன் கடனைக் கூட்டத்தில் பேசலாம். வாங்கிய ஓவன் சும்மா கிடந்தாலும் தவணை நிற்காது.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989ல் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். சிறு சேமிப்பில் ஆரம்பித்து வளர்ந்தவர்கள் நாம். இந்தத் தொழிலையும் கால் கிலோ மைதாவில் ஆரம்பிப்போம்.