'டிங்' சத்தமும் ஒரு சொட்டுப் பழச்சாறும்!

கணக்கு நோட்டைத் திறந்து உட்காருகிறீர்கள். இரண்டு கணக்கு முடிவதற்குள் அப்பாவின் செல்போன் 'டிங்' என்கிறது. அவ்வளவுதான்! கை நோட்டில் இருக்கிறது; மனம் செல்போனுக்கு ஓடிவிடுகிறது. வந்தது என்ன செய்தி என்றுகூடத் தெரியாது. பிறகு ஏன் இந்த ஓட்டம்?

இதற்கு விடை சொன்னவை குரங்குகள்!

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஞ்ஞானி உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். நமது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் இருக்கின்றன. குரங்குகளின் மூளையில் இந்த செல்களை அவர் கவனித்தார்.

எதிர்பாராத நேரத்தில் குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தது. செல்கள் உடனே துள்ளின. அடுத்து, ஒரு விளக்கு எரிந்த பிறகே பழச்சாறு கொடுக்கப்பட்டது. பல முறை இப்படிப் பழகிய பின் ஓர் அதிசயம்! விளக்கு எரிந்ததுமே செல்கள் துள்ளின. பழச்சாறு வந்தபோது சும்மா இருந்தன! விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், செல்கள் வழக்கத்தைவிடச் சோர்ந்தன.

அதாவது, பரிசைவிட 'பரிசு வரப்போகிறது' என்ற அறிகுறிதான் மூளையைத் தட்டி எழுப்புகிறது. செல்போனின் 'டிங்' நமக்கு அந்த விளக்கு! இந்த ஆராய்ச்சிக்காக 2017-ல் ஷுல்ட்ஸுக்கும் மேலும் இருவருக்கும் 'தி பிரெய்ன் பிரைஸ்' என்ற உயரிய விருது கிடைத்தது.

சரி, மனதை அடக்க இரும்பு நெஞ்சம் வேண்டுமா? வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற உளவியல் அறிஞர், நர்சரிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். காத்திருந்தால் மிகவும் பிடித்த தின்பண்டம். காத்திருக்க முடியாவிட்டால் குறைவாகப் பிடித்தது. 1970-ல் வெளியான முடிவு இதுதான்: தின்பண்டம் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகளால் அதிக நேரம் பொறுக்க முடியவில்லை. கண்ணில் படாதபோது பல மடங்கு நேரம் காத்திருந்தார்கள்!

நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று.

விளக்கை அணையுங்கள்: படிக்கும் நேரத்தில் செல்போனைச் சத்தமில்லாமல் வைத்து, வேறு அறையில் விடும்படி பெற்றோரிடம் கேளுங்கள். டி.வி.யும் கண்ணில் படக் கூடாது.

புது விளக்கை ஏற்றுங்கள்: தினமும் ஒரே இடம், ஒரே நேரம். அந்தப் பாயில் உட்கார்ந்தாலே 'இது படிக்கும் நேரம்' என்று மூளை புரிந்துகொள்ளப் பழகும்.

சொட்டுச் சொட்டாகப் பரிசு கொடுங்கள்: பன்னிரண்டு கணக்கா? மூன்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு 'டிக்' போடுங்கள். எல்லாம் முடிந்ததும் விளையாட ஓடுங்கள்! 'முடித்தால் விளையாட்டு' என்று சொல்லிவிட்டு, கூடவே இன்னொரு பாடத்தைத் திணிக்காதீர்கள். பழச்சாறு வராத குரங்கைப் போல உற்சாகம் வடிந்துவிடும். பெற்றோருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்!

முதல் சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். குரங்குக்கே பல முறை பழகிய பிறகுதானே விளக்கின் பொருள் புரிந்தது? உங்கள் மூளைக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். இன்று மாலையே மூன்று கணக்கில் தொடங்குங்கள்!