லண்டன் – பாரிஸ்: வானத்தில் எவ்வளவு, தரையில் எவ்வளவு?

லண்டன் நகர மையத்திலிருந்து பாரிஸ் நகர மையத்துக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 344 கிலோமீட்டர். ரயில் பாதை வளைந்து போவதால் 492 கிலோமீட்டர். விமானத்துக்குக் கணக்கே வேறு. அது நகரத்திலிருந்து நகரத்துக்குப் பறப்பதில்லை; லண்டனுக்கு மேற்கே உள்ள ஹீத்ரோவிலிருந்து பாரிஸுக்கு வடகிழக்கே உள்ள சார்ல் த கோல் நிலையத்துக்குப் பறக்கிறது.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இந்தத் தொலைவைக் கடக்க அரை மணி நேரம்கூட வேண்டாம். ஆனால் கால அட்டவணையில் இருப்பதோ ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நொடியிலிருந்து, போய்ச் சேரும் இடத்தில் நிற்கும் நொடிவரை பயண நேரமாகவே எழுதப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்கியபின் மீண்டும் ஊர்வதும் அதில் அடக்கம். 10,000 அடிக்குக் கீழே வேகத்துக்குப் பொதுவாக வரம்பும் உண்டு. இத்தனை குறுகிய பயணத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். முழு வேகத்தில் பறக்க வாய்ப்பு குறைவு.

பயணச்சீட்டைப் பார்ப்பவரைக் குழப்புவது கடிகாரம். காலை 10 மணிக்கு லண்டனில் புறப்பட்டால் பாரிஸில் இறங்கும்போது பகல் 12.15. திரும்பும்போது 1 மணிக்குக் கிளம்பி 1.15க்கே வந்துவிட்டதுபோல் தோன்றும். பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதே காரணம். சூரியனைக் கேட்டால் இரு நகரங்களுக்கும் வித்தியாசம் பத்து நிமிடத்துக்கும் குறைவு! 1940 வரை பிரான்ஸும் கிரீன்விச் நேரத்தைத்தான் பின்பற்றியது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பெர்லின் நேரம் புகுந்தது; போர் முடிந்தும் அது போகவில்லை.

இரு நகரங்களுக்கும் இடையே அன்றாட விமானச் சேவை 1919 ஆகஸ்ட் 25 அன்று, இன்றைய ஹீத்ரோவுக்கு அருகிலுள்ள ஹவுன்ஸ்லோ திடலிலிருந்து தொடங்கியது. அந்தச் சிறு விமானம் பாரிஸ் புறநகரான லெ பூர்ஜேயை அடையச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. இன்று வானில் இருக்கும் நேரம் பெரிதும் சுருங்கிவிட்டது. ஆனால் விமான நிலையத்துக்குப் போவது, பாதுகாப்புச் சோதனை, கடவுச்சீட்டு வரிசை, மறுபடி நகருக்குள் வருவது எல்லாம் சேர்ந்தால் நான்கு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம்.

இதனால்தான் யூரோஸ்டார் ரயில் விமானத்தோடு போட்டி போட முடிகிறது. அது கடந்து போகும், 1994இல் திறக்கப்பட்ட ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளம்; அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். 2007இல் இங்கிலாந்துப் பக்கத்து அதிவேகப் பாதையும் முழுமையடைந்தபின், மணிக்கு 300 கிலோமீட்டர் வரை ஓடும் ரயில் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸைத் தொடுகிறது. இரு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனையும் லண்டன் செயின்ட் பான்க்ரஸ் நிலையத்திலேயே முடிந்துவிடுவதால், பாரிஸில் இறங்கியவர் நேரே தெருவுக்கு நடந்துவிடலாம்.