மருத்துவக் குறியீட்டுப் பரீட்சை

பெங்களூர், ஹைதராபாத், புணே, நொய்டா முதலிய நகரங்களில் வேலையின் பொருட்டுக் குடியேறியுள்ள தமிழ் இளைஞர்களிடையே அண்மைக் காலமாக ஒரு தொழிலின் பெயர் அடிக்கடி பேசப்படுகிறது. ‘மெடிக்கல் கோடிங்’ என்று வழங்கும் மருத்துவக் குறியீட்டுத் தொழிலே அது. விலங்கியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களும், நர்ஸ் பயிற்சியோ மருந்தியலோ கற்றவர்களும் இதனை விரும்பி ஏற்கின்றனர். இத்தொழிலில் நிலைபெறவும் உயர்வு பெறவும் சான்றிதழ்ப் பரீட்சை ஒன்று துணை செய்கிறது. அப்பரீட்சை எத்தகையது, அதற்கு ஆயத்தமாவது எங்ஙனம் என்பனவற்றை இங்கே சிறிது விளக்குவோம்.

அமெரிக்க நாட்டில் ஒருவர் டாக்டரிடம் சிகிச்சை பெற்றால், அதற்குரிய தொகையைப் பெரும்பாலும் இன்ஷ்யூரன்ஸ் நிறுவனமோ அரசாங்கத் திட்டமோ செலுத்துகிறது. தொகையைக் கோரும் படிவத்தில் நோய் இன்னது, செய்த சிகிச்சை இன்னது என்பதை எண்களால் குறிக்க வேண்டும். டாக்டர் எழுதிவைத்த குறிப்பைப் படித்து அதற்குப் பொருந்தும் எண்ணைத் தேர்ந்தெடுப்பவரே குறியீட்டாளர். அந்நாட்டு மருத்துவமனைகளுக்கான இப்பணியில் கணிசமான ஒரு பகுதி நம் நாட்டு நகரங்களில் நடைபெற்று வருகிறது.

நோய்களை வகுத்து எண்ணிடும் வழக்கம் புதியதன்று. பிரெஞ்சு நாட்டுப் புள்ளியியல் அறிஞர் ழாக் பெர்ட்டியோன் தொகுத்த மரணக் காரணப் பட்டியல் 1893-இல் சிக்காகோவில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் கழகத்தின் முன் வைக்கப்பெற்றது. 1948-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அப்பொறுப்பை ஏற்றபொழுது, மரணக் காரணங்களோடு உயிர் வாழ்வோரின் நோய்களும் பட்டியலில் இடம்பெற்றன. அதன் பத்தாம் திருத்தத்தைத் தழுவிய விரிவான பதிப்பை அமெரிக்கா 2015 அக்டோபர் முதல் நாளிலிருந்து கையாண்டு வருகிறது. பதினோராம் திருத்தம் 2022-இல் நடைமுறைக்கு வந்துள்ள போதிலும், அந்நாட்டுப் பரீட்சைக்குப் படிப்போர் பத்தாம் திருத்தத்தையே கற்க வேண்டும். நம் நாட்டிலும், 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் டாக்டர்கள் அளிக்கும் மரணக் காரணச் சான்றுகள் இப்பட்டியலைக் கொண்டே வகுக்கப்படுகின்றன.

நம்மவர் பெரிதும் எழுதும் பரீட்சை ‘சி.பி.சி.’ எனப்படுவது. 1988-இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற ஏ.ஏ.பி.சி. என்னும் அமைப்பு இதனை நடத்துகிறது. டாக்டர்களின் சேவைகளுக்கு எண்ணிடும் திறனை இது சோதிக்கிறது. இதில் 100 வினாக்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். பொருத்தமானதைத் தெரிவு செய்ய வேண்டும். காலம் 4 மணி நேரம். 70 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. மூன்று புத்தகங்களை உடன் வைத்துக்கொள்ளலாம். முதலாவது, நோய்களுக்குரிய ஐ.சி.டி.–10–சி.எம். இரண்டாவது, சிகிச்சை முறைகளுக்குரிய சி.பி.டி. இதனை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் முதன்முதலாக வெளியிட்டது. மூன்றாவது, மருந்துகள், உபகரணங்கள் முதலியவற்றுக்கான எச்.சி.பி.சி.எஸ். நூல்.

புத்தகத்தைப் பார்த்து எழுதும் பரீட்சைதானே, எளிதாக இருக்கும் என்று எண்ணுவோர் உண்டு. இவ்வெண்ணமே பலரைத் தோல்விக்கு அழைத்துச் செல்கிறது. 4 மணி நேரத்தில் 100 வினாக்கள் என்றால் ஒரு வினாவுக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. நோய்ப் பட்டியலிலோ எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்கள் உள்ளன. அவற்றை மனப்பாடம் செய்வது இயலாது. செய்ய வேண்டுவதும் இல்லை. பரீட்சை சோதிப்பது நினைவாற்றலை அன்று. டாக்டர் எழுதியதை எழுதியவாறே படிக்கத் தெரிகிறதா, புத்தகத்தின் விதி எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா என்னும் இரண்டையே அது சோதிக்கிறது. ஆயத்தம் அனைத்தும் இவ்விரண்டையும் நோக்கியே அமைதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நெஞ்சு வலியுடன் ஒருவர் டாக்டரின் வெளிநோயாளிப் பிரிவுக்கு வருகிறார். “நெஞ்சு வலி, மாரடைப்போ என்று சந்தேகம், சோதனைக்கு அனுப்பப்படுகிறார்” என்று டாக்டர் குறிக்கிறார். மாரடைப்பு என்னும் சொல்லைக் கண்டவுடன் அதற்குரிய ஐ 21.9 என்னும் எண்ணை எழுதிவிடக் கை விரையும். அது தவறு. வெளிநோயாளியின் குறிப்பில் ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’ என்று வரும் நோய்களுக்கு எண்ணிடுதல் கூடாது என்பது விதி. உறுதியாகத் தெரிந்தது நெஞ்சு வலி ஒன்றே. ஆகவே ஆர் 07.9 என்பதே சரியான விடை. ஆனால் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்து வீடு திரும்புபவரின் இறுதிக் குறிப்பில் அதே சந்தேகம் எழுதப்பட்டிருப்பின், மருத்துவமனை அந்நோய் இருப்பதாகவே கொண்டு எண்ணிடலாம். எனவே சொல்லை நோக்குமுன் இடத்தை நோக்க வேண்டும்.

இவ்விதி பரீட்சைக்காக மட்டும் ஏற்பட்டதன்று. மாரடைப்பே இல்லாத ஒருவருக்கு அந்த எண்ணை எழுதிவிட்டால், அவருடைய ஆவணத்தில் அவர் இருதய நோயாளியாகிவிடுகிறார். பின்னர் அவரைக் காணும் டாக்டரும் இன்ஷ்யூரன்ஸ் நிறுவனமும் அதனை மெய்யென்றே கொள்ளக்கூடும். அரசாங்கத் திட்டத்தில் அறிந்தே பிழையான எண்ணிட்டுப் பணம் பெற்றால், 1863-இல் இயற்றப்பெற்ற பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்படி அந்நாட்டில் வழக்கும் தொடரலாம். ஹைதராபாத்தில் ஒரு மேசையின்முன் அமர்ந்து நாம் இடும் எண், நாம் என்றும் காணப்போகாத ஒருவருடைய வாழ்க்கையைத் தொடுகிறது.

இரண்டாவது எடுத்துக்காட்டு நீரிழிவைப் பற்றியது. “இரண்டாம் வகை நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக நோய், 3ஏ நிலை” என்று குறிப்பில் இருக்கிறது. நீரிழிவினால்தான் சிறுநீரகம் கெட்டது என்று டாக்டர் எழுதவில்லை. முன்பு கண்டதை நினைத்து, இரண்டையும் தொடர்பில்லாத தனித்தனி நோய்களாகக் கருதத் தோன்றும். ஆயின் அகராதிப் பகுதியில் நீரிழிவின் கீழ் ‘உடன்’ என்னும் சொல்லைத் தொடர்ந்து வரும் நோய்களைப் பொறுத்தவரை, டாக்டர் மறுத்து எழுதினாலன்றித் தொடர்பு உண்டு என்றே கொள்ளுமாறு புத்தகம் விதிக்கிறது. ஆகவே ஈ 11.22 என்பதே முதல் எண். அகராதியோடு நின்றுவிடாமல் எண்வரிசைப் பகுதியைப் புரட்டினால், சிறுநீரக நோயின் நிலையைக் காட்ட மற்றோர் எண்ணும் சேர்க்க வேண்டும் என்னும் கட்டளை அந்த எண்ணின் கீழேயே அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அவ்வாறு சேர்ப்பது என் 18.31. முதலில் அகராதி, பின்னர் எண்வரிசை என்னும் இம்முறையை ஒரு நாளும் கைவிடலாகாது. அகராதியை மட்டும் பார்த்து விடை எழுதுவோர் இழப்பது இத்தகைய மதிப்பெண்களையே.

இனிச் சிகிச்சை எண்கள். ஒருவருக்கு முன்கையில் 2 சென்டிமீட்டர், காலில் 3 சென்டிமீட்டர், நெற்றியில் 2 சென்டிமீட்டர் நீளமுள்ள மூன்று வெட்டுக் காயங்கள். மூன்றுக்கும் சாதாரணத் தையல். மூன்று எண்கள் இடுவதா, ஒன்று இடுவதா? தையலின் வகையும் உடற்பகுதியின் தொகுதியும் ஒன்றாயின் நீளங்களைக் கூட்ட வேண்டும் என்பது விதி. கையும் காலும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை, அவற்றின் நீளம் மொத்தம் 5 சென்டிமீட்டர், அதற்கு 12002. முகம் வேறு தொகுதி, அதற்கு 12011. ஆக எண்கள் இரண்டு. இவ்விதி சி.பி.டி. நூலில் தையல் எண்கள் தொடங்குமுன் ஒரு பத்தியாக அச்சிடப்பட்டுள்ளது. எண்களுக்குமுன் வரும் இத்தகைய முன்னுரைப் பத்திகளைப் பலர் படிப்பதே இல்லை. பரீட்சை வினாக்கள் பலவற்றுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

மருத்துவச் சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் வேர்களிலிருந்து ஆக்கப்பெற்றவை. பகுதியும் விகுதியும் சேர்ந்து பொருள் தரும் முறையைத் தமிழ் இலக்கணத்தில் பயின்ற நமக்கு இது எளிதில் விளங்கும். ‘நெஃப்ரோ’ என்பது சிறுநீரகம். அதனுடன் ‘எக்டமி’ சேர்ந்தால் சிறுநீரகத்தை அகற்றுதல். ‘ஆட்டமி’ சேர்ந்தால் அதனைக் கீறுதல். ‘ஆஸ்டமி’ சேர்ந்தால் அதிலிருந்து வெளியே ஒரு வழி அமைத்தல். ‘ஐட்டிஸ்’ சேர்ந்தால் அதன் அழற்சி. ஓரெழுத்து மாறினால் சிகிச்சையே மாறிவிடுகிறது. வேர்களையும் விகுதிகளையும் இரு பத்திகளாக எழுதி, எதிரே தமிழ்ப் பொருளைக் குறித்துக்கொண்டால் விரைவில் மனத்தில் படியும். உடற்கூற்றையும் இத்துடன் சேர்த்தே படிப்பது நலம். இருதயத்தின் அறைகளும் குடலின் பகுதிகளும் வரிசையாகத் தெரியாதவருக்கு அறுவை சிகிச்சைக் குறிப்பு விளங்குவது அரிது.

படிக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர், நான்கைந்து மாதங்களை இதற்கென வைத்துக்கொள்வது நன்று. முதற்பகுதிக் காலத்தைச் சொற்களுக்கும் உடற்கூற்றுக்கும் விதிகளுக்கும் செலவிடலாம். நடுப்பகுதியில் ஒவ்வோர் அத்தியாயமாகப் பயிற்சி செய்யலாம். கடைசி மாதத்தில் கடிகாரத்தை எதிரே வைத்து முழு மாதிரிப் பரீட்சைகளை எழுத வேண்டும். தவறிய வினாக்களுக்குத் தனிக் குறிப்பேடு ஒன்று வைத்து, சரியான விடையை மட்டும் எழுதாமல் தவறியதன் காரணத்தையும் எழுதுக. சொல் தெரியவில்லையா? குறிப்பைச் சரியாகப் படிக்கவில்லையா? கட்டளையைக் கவனிக்கவில்லையா? நேரம் போதவில்லையா? இரண்டு வாரத்தில் நம்முடைய குறை எதுவென்று அந்தக் குறிப்பேடே காட்டிவிடும். இரவு வேலை பார்த்து ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள், விடுமுறை நாளில் ஒருவர் நோயாளியின் குறிப்பைப் படிக்க மற்றவர்கள் எண்ணைத் தேடிக் காரணம் கூறுவது மிகப் பயனுள்ள பயிற்சியாகும்.

புத்தகங்களையும் ஆயத்தம் செய்ய வேண்டும். முக்கியப் பகுதிகளில் அடையாளச் சீட்டுகள் ஒட்டலாம்; அன்றாடப் பணிக்குரிய விதிகளைக் கையால் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் வேறு தாள்களைச் செருகுவதும் பயிற்சி வினாக்களை எழுதி வைப்பதும் விலக்கப்பட்டவை. சி.பி.டி. எண்கள் ஜனவரியிலும் நோய் எண்கள் அக்டோபரிலும் ஆண்டுதோறும் மாறுவதால், எழுதப்போகும் ஆண்டுக்குரிய பதிப்பையே வாங்குவது பாதுகாப்பு.

பரீட்சையின்போது தெரிந்த பகுதியிலிருந்து தொடங்குக. நீண்ட அறுவை சிகிச்சைக் குறிப்பாயின், முதலில் நான்கு விடைகளையும் ஒப்பிட்டு அவை எதில் வேறுபடுகின்றன என்று காண்க. வேறுபாடு ஓர் எண்ணில் மட்டும் இருப்பின் அதனை மட்டும் ஆராய்ந்தால் போதும். எதனையும் விடையின்றி விட வேண்டாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

பணத்தைப் பற்றியும் கூற வேண்டும். கட்டணம் சில நூறு அமெரிக்க டாலர். உறுப்பினர் சந்தாவும் புத்தகங்களின் விலையும் தனி. புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு இது சிறு தொகையன்று. ஆகவே மாதிரிப் பரீட்சைகளில் தொடர்ந்து 80 விழுக்காட்டுக்குமேல் பெற்ற பின்னரே பணம் கட்டுவது விவேகம். சான்றிதழ் இல்லாதவர்களைச் சேர்த்துப் பயிற்சி தரும் நிறுவனங்களும் உள்ளன. சில நிறுவனங்கள் கட்டணத்தைத் தாமே ஏற்பதும் உண்டு. கடன் வாங்குமுன் இதனை விசாரித்தல் நலம். தேர்ச்சி உறுதி, வேலை உறுதி என்று கூறி முன்பணம் கேட்பவர்களிடமும், ஆள் மாற்றி எழுதித் தருவதாகக் கூறுபவர்களிடமும் எச்சரிக்கை தேவை. ஊர் புதிது, மொழி புதிது என்னும் நிலையில் இருப்போரையே இவர்கள் தேடி வருகின்றனர்.

அனுபவமின்றித் தேறியவருக்குச் சான்றிதழில் பயிலுநர் என்பதைக் காட்டும் ‘ஏ’ என்னும் எழுத்து சேர்ந்திருக்கும். இரண்டு ஆண்டு அனுபவத்தைச் சான்றுடன் காட்டினால் அது நீங்கும். விரைவில் நீக்கிக்கொள்ள வேறு வழிகளும் உள்ளன. அதன்பின்பும் சான்றிதழ் செல்லுபடியாக இரண்டு ஆண்டுக்கு 36 அலகுகள் தொடர்கல்வி பெற வேண்டும். இக்காலத்தில் கணிப்பொறியே குறிப்பைப் படித்து எண்களைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. ஆயினும் அது சந்தேகத்தை நோயென்று கொண்டுவிட்டதா, நிலையைக் காட்டும் எண்ணை விட்டுவிட்டதா என்று சரிபார்ப்பவர் வேண்டும். எண்களை மனப்பாடம் செய்தவரைவிட விதிகளைக் கற்றவருக்கே அவ்வேலை உரியது. பரீட்சைக்குப் படிக்கும் நாட்களிலேயே அவ்வாறு கற்றுக்கொண்டால், அக்கல்வி பின்னரும் உடன் வரும்.